ஜன்னல் பக்கம்

லாரியின் முன் பம்பர் மூலையில் ஒரு முழம்தான் பாக்கி. சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை அவள் அங்கே கொண்டுபோனபோது ஜன்னலுக்குள்ளிருந்து அம்மா, "போதும், நிறுத்து" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்தாம்மா. முடிச்சுடறேன்."

"நிறுத்துன்னு சொல்றேன்ல."

அம்மாவின் குரலில் கோபம் இல்லை. அதனாலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. சுவிட்சை அணைத்து, சூடான மூக்கு எதிலும் படாதபடி கன்னைச் செங்கல் மேல் சாய்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போனாள். அந்த நிதானம் பிறகு நினைத்துப் பார்த்தபோது அவளுக்கே பிடிக்கவில்லை.

அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியபடி கிடந்தார். கண்களை அம்மா மூடிவிட்டிருந்தாள்.

அவர் லாரி ஓட்டியவர். சொந்த லாரி. கடைசி லோடை இறக்கிவிட்டு வந்த அன்று வண்டியை வழக்கம்போல் வாசல் முற்றத்தில் மதிலை ஒட்டி நிறுத்தினார். நடுவில் உள்ளங்கை நுழையும் அளவுக்குத்தான் இடம். மறுநாள் பல் தேய்க்கும்போது விழுந்தார். வலது கையும் பேச்சும் போயின. கை போனது போனதுதான். பேச்சு மட்டும் துண்டு துண்டாகத் திரும்பி வந்தது. அந்தத் துண்டுகளில் அவர் அதிகம் சொன்னது, "கறுப்பு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. அம்மா பால் விடாத டீயைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடது கையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே காட்டினார். லாரியின் பம்பர், சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் பட்டை, கதவுக்குக் கீழே ஓடும் பட்டை, கண்ணாடியின் கூடு என்று கறுப்பு பிளாஸ்டிக்கெல்லாம் வெயில் தின்று சாம்பலாக வெளுத்துக் கிடந்தது. வண்டிக்குச் சோகை பிடித்திருக்கிறது என்று நன்றாக இருந்த காலத்திலேயே புலம்புவார்.

அவள் வண்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் கடையில் வேலை பார்ப்பவள். ஹீட் கன் கையில் பழகிய சாமான்.

"ஜன்னல் பக்கம் மட்டும் பண்ணு போதும்" என்றாள் அம்மா. "மதில் பக்கத்தை யாரு எட்டிப் பாக்கப்போறா? வண்டிய எடுக்கவும் ஆள் இல்ல."

"ஏமாத்துற மாதிரி இருக்கும்மா."

"படுத்துக் கிடக்கிற மனுஷன். அவர் கண்ணுக்குத் தெரியறது கறுப்பா இருந்தா ஆச்சு."

வேலை பாதியாகக் குறைகிறது என்பதால் அவளும் ஒப்புக்கொண்டாள். கடை முடிந்து வந்து, சோப்புத் தண்ணீர் போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, காய விட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்டினாள். கன் ஓர் இடத்தில் நின்றுவிடக் கூடாது. நின்றால் பிளாஸ்டிக் சுருங்கிவிடும். நகர்ந்துகொண்டே இருந்தால் உள்ளே போயிருந்த கறுப்பு மெல்ல மேலே வரும். பிறகு பஞ்சில் பாலிஷைத் தொட்டு மெலிதாகப் பூச வேண்டும். அவள் அவசரப்பட்டபோதெல்லாம் அப்பா கட்டில் சட்டத்தைத் தட்டினார். வாய் போனாலும் அதிகாரம் போகவில்லை என்று அம்மா சொன்னாள்.

நேற்று சாயங்காலம் அவர் முழுதாக ஒரு கேள்வி கேட்டார். "முடிஞ்சுதா?"

"நாளைக்கு முடிஞ்சிரும்ப்பா. ரெண்டு பக்கமும்."

இரண்டு பக்கம் என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்பா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பாதி வாயால் சிரித்தார். தொண்டையில் சத்தம்கூட வந்தது. இந்த அளவுக்கு நம்புகிறாரே என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது.

செய்தி கேட்டு அண்ணன் வந்தான். அப்பாவின் கூட்டாளிகளான லாரிக்காரர்கள் வந்தார்கள். முற்றத்தில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்து, பேச ஒன்றும் இல்லாததால் லாரியைப் பார்த்தார்கள்.

"பொண்ணு புதுசாக்கிட்டாளே."

"அவளேவா பண்ணினா? பரவால்லையே."

ஒவ்வொரு பாராட்டும் அவளுக்கு நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. வெளியே அமரர் ஊர்தி வந்து நின்றது. லாரியை எடுத்தால்தான் உள்ளே வர முடியும் என்றார் அதன் டிரைவர். தாடி சாவியைக் கேட்டார். தாடி அப்பாவுக்கு நெருங்கிய சிநேகிதர். தாடியை எடுத்துப் பல வருஷமாகியும் பெயர் மட்டும் போகவில்லை.

"வண்டிய எடுக்க வேண்டாம் சித்தப்பா" என்றாள் அவள்.

"ஏம்மா?"

"கையில தூக்கிட்டே ரோடு வரைக்கும் போயிடலாம்."

"எதுக்கு? வண்டி நிக்கிற இந்தச் சந்துல தூக்கிட்டு எப்படித் திரும்புவ?" என்றான் அண்ணன். "அப்பாவ மதில் மேல ஏத்தி இறக்கப்போறியா?"

அவள் அம்மாவைப் பார்த்தாள். உயிரோடு இருந்தவரை ஏமாற்றியாகிவிட்டது. இப்போது அவரைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்த வெளுத்த பக்கம் ஊர் பார்க்க ரோட்டில் நிற்கப்போகிறது. இத்தனை லாரிக்காரர்களுக்கும் விஷயம் ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

"எடுக்கட்டும், விடு" என்றாள் அம்மா, யாரையும் பார்க்காமல்.

சாவி கைமாறியது. என்ஜின் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது. லாரி மதிலை விட்டு முன்னால் நகர்ந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. லாரி ரோட்டில் திரும்பி நின்ற பிறகுதான் தலையைத் தூக்கினாள்.

மதில் பக்கம் கறுப்பாக இருந்தது.

மேலே தூசி படிந்திருந்தது. அவ்வளவுதான். பக்கத்தில் போய் விரலால் துடைத்தாள். சக்கரப் பட்டையிலிருந்து கண்ணாடிக் கூடு வரைக்கும் ஒரே சீரான கறுப்பு. அவள் செய்த பக்கத்தில் இருந்த திட்டுகள் இதில் இல்லை. கதவுக்குக் கீழே, பெயிண்டில் பாலிஷ் படாமலிருக்க ஒட்டிய காகித டேப் இன்னும் உரிக்கப்படாமல் நீளமாக ஓடியது.

தாடி இறங்கி வந்தார்.

"டேப்பைக்கூட உரிக்கலயா அவன்? கடைசி லோடு ஏத்தக் காத்துக் கிடந்தோம்ல, அப்போ யார்டுல உக்காந்து தேச்சான். ஏண்டா ஒரு பக்கத்தோட நிறுத்திட்டன்னு கேட்டேன். மிச்சத்த வீட்டுல போய்ப் பண்ணிக்கறேன்னான்."

அவளுக்குப் பின்னால் அம்மா வந்து நின்றிருந்தாள். பட்டையை ஒருமுறை முழுக்கப் பார்த்தாள்.

"அதான் நேத்து சிரிச்சாரு" என்றாள்.

அவள் குனிந்து டேப்பின் முனையை நகத்தால் கிளப்பினாள். ஒரே இழுப்பில் வர வேண்டிய டேப், நாள்பட்டதால் பொடிப்பொடியாகக் கிழிந்து வந்தது. ஊர்தி பின்பக்கமாக வந்து முற்றத்துக்குள் நுழைந்தது. நாற்காலிகளை ஓரம் தள்ளினார்கள்.

"வா, தூக்கப்போறாங்க" என்று அண்ணன் வாசலிலிருந்து கூப்பிட்டான்.

"வரேன்."

கடைசித் துண்டு வரைக்கும் உரித்துவிட்டுத்தான் போனாள். அப்பாவின் கால்பக்கம் அவளுக்கு இடம் விட்டார்கள். குனிந்து பிடித்தபோது, விரலில் ஒட்டியிருந்த ஒரு துண்டு டேப் அவர் மேல் போர்த்தியிருந்த துணியில் ஒட்டிக்கொண்டது. அண்ணன் அதைப் பார்த்துக் கையை நீட்டினான்.

"இருக்கட்டும்" என்றாள் அவள்.