சத்தமில்லாத இருமல்

"உங்க வீட்டுக்காரர் கொஞ்சம் மெதுவா இரும முடியாதாக்கா?"

பக்கத்து வீட்டுப் பியூலா இதைக் கேட்டபோது குணசுந்தரி அந்த ஃப்ளாட்டுக்குக் குடிவந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பியூலா சண்டைக்கு வரவில்லை. ஒரு கிண்ணத்தில் ஆட்டுக்கால் சூப் எடுத்துவந்து, காலிங் பெல்லை அடித்து, செருப்பை வெளியே விட்டு, சிரித்த முகமாகத்தான் கேட்டாள். அவள் கணவர் டென்னிஸுக்கு இதயத்தில் பைபாஸ் ஆபரேஷன் நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. விடியற்காலையில்தான் அவருக்குக் கண் அசரும். சரியாக அந்த நேரம் பார்த்துச் சுவருக்கு இந்தப் பக்கம் குணசுந்தரியின் கணவர் காத்தவராயன் இரும ஆரம்பித்துவிடுகிறார்.

"மன்னிச்சுக்கங்க மேடம். சொல்றேன்," என்றாள் குணசுந்தரி. இருமலைப் பற்றி அவரிடம் என்னவென்று சொல்வது என்பதைக் கதவைச் சாத்திய பிறகுதான் யோசித்தாள்.

கோரமண்டல் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், ரிட்டையர் ஆனவர்களுக்கென்றே கட்டிய மூன்று மாடிக் கட்டடம் அது. பெங்களூரில் இருக்கும் மகன் திலீப் வாங்கிக் கொடுத்தான். அதற்கு முன் முப்பத்தெட்டு வருஷம் மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு. அங்கே விடிந்தால் பொதுக் கக்கூசுக்கு வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். கூப்பிட வேண்டுமென்றால் தெருவில் நின்று கத்துவார்கள். அவளுக்காக ஒரு மணி அடித்தது இந்த வீட்டில்தான். முதல் தடவை அந்தப் பெல் அடித்தபோது முந்தானையைச் சரிசெய்துகொண்டு இரண்டு நிமிஷம் அப்படியே நின்றாள்.

லைனில் இருமலை யாரும் சத்தமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டில் யார் எழுந்துவிட்டார் என்று இருமலை வைத்தே சொல்லிவிடுவார்கள். இருமல் கேட்காத வீட்டுக் கதவைத்தான் போய்த் தட்டுவார்கள்.

காத்தவராயன் சுரங்கத்துக்குள் இருபத்துநாலு வருஷம் பாறை துளைத்தவர். சுரங்கம் மூடியும் கல்தூசி அவர் நெஞ்சை விட்டுப் போகவில்லை. பியூலா கேட்டதைச் சொன்னதும் அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"கம்பெனில தூசிய மட்டும் குடுத்து அனுப்ச்சாங்க குணா. சைலன்சர் குடுக்கல."

"தமாஷ் பண்ணாதீங்க. லைன் ஆளுங்கன்னாலே கத்திக்கினு கீறவங்கன்னு இங்க பேசிக்கிறாங்க. நம்மளால பேரு கெடக்கூடாது."

"நான் எங்க கத்தறேன்? மூச்சுதான வுடறேன்."

அன்றைக்கே அவள் கட்டிலைப் பொதுச் சுவரிலிருந்து நகர்த்தினாள். ஹாலில் போட்டால் கீழ் வீட்டுக்குக் கேட்கும் என்று, சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கிற பால்கனியில் போட்டாள். கட்டிலைப் போட்டபின் கால் வைக்க இடமில்லை. தலைக்கு மேல் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருக்கும்.

"இது இன்னா, சுரங்கத்துல அறுபதாவது லெவலா?" என்றார். ஆனாலும் படுத்துக்கொண்டார்.

நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் போட்டாள். மிக்ஸியைப் பத்து மணிக்கு மேல்தான் ஓட்டினாள். இருமல் வந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, வாளியில் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். மூச்சு இழுத்தால் வாயில் அடித்துக்கொள்கிற மருந்துப் பம்பையும் அங்கேயே தட்டில் வைத்தாள். சளியை அடக்கவே கூடாது, வெளியே வந்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும், "துண்ட நல்லா அழுத்திப் புடிங்க," என்றாள்.

இரண்டு மாதத்தில் அவர் பழகிவிட்டார். ஆரம்பத்தில், "செகண்ட் ஷிப்டுக்குப் போறேன்," என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போவார். பிறகு சொல்லாமலே போனார். பிறகு மற்ற பேச்சும் குறைந்துவிட்டது. பேச ஆரம்பித்தால்தானே இருமல் வருகிறது.

குடியிருப்போர் கூட்டத்தில் பியூலா எழுந்து நின்று, "எங்க பக்கத்து வீட்டைப் பாருங்க. ஆளு இருக்காங்களா இல்லையான்னே தெரியாது. நெய்பர்னா இப்படி இருக்கணும்," என்றாள். இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். குணசுந்தரிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்று சாயங்காலம் அதை அவரிடம் இரண்டு தடவை சொன்னாள். அவர் பால்கனிக் கம்பியைப் பார்த்தபடி தலையாட்டினார்.

டிசம்பரில் பியூலா மறுபடி வந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. சனிக்கிழமை நாலு மணிக்கு என் மக கரோலினைப் பொண்ணு பாக்க வராங்க. ஏற்கெனவே ரெண்டு இடம் தட்டிப்போச்சு. என்னதான் அடக்கினாலும் ஒண்ணு ரெண்டு சத்தம் கேக்குது. உள்ள யாரோ நோயாளியை ஒளிச்சு வச்சிருக்கோம்னு நெனச்சுட்டாங்கன்னா..." அவள் கண் கலங்கிவிட்டது. "ரெண்டே ரெண்டு மணி நேரம். அண்ணன் எங்கேயாவது..."

"இதுக்குப் போய் அழுவாங்களா? கீழ பார்க்கிங்ல உக்காந்துக்குவாரு. நான் வந்து உங்களுக்குக் கூடமாட செய்யறேன்."

அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டோம் என்பது அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. கேட்டபோது அவர் மறுக்கவும் இல்லை.

சனிக்கிழமை மூன்றரைக்கு அவருக்குக் காக்கி ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் மாட்டி, லிஃப்டில் அழைத்துப்போய், வாட்ச்மேனின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தாள். வாட்ச்மேன் அன்றைக்கு லீவு. "கேஜ் ஏறிப் போ, நான் பாத்துக்கறேன்," என்றார். சுரங்கத்தில் ஆட்களை இறக்குகிற கூண்டுக்குப் பேர் கேஜ்; லிஃப்டையும் அவர் அப்படித்தான் சொல்வார். அந்த ஒரு வாரத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். அவள் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பியூலா வீட்டுக்குப் போனாள்.

பெங்களூர்க்காரர்கள் வந்தபோது ஐந்தேகால். மாப்பிள்ளை ஸ்டீவன் அடக்கமான பையன். அவன் அம்மா ஐடா கலகலவென்று பேசுகிறவள். கரோலினைப் பக்கத்தில் உட்கார வைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காரியம் பழம்தான் என்று எல்லோர் முகத்திலும் தெரிந்தது. குணசுந்தரி கேக்கை வெட்டி வெட்டித் தட்டில் வைத்தாள்.

"இவங்க?" என்றாள் ஐடா.

"பக்கத்து வீட்டு குணாக்கா. எனக்குக் கூடப் பொறந்தவங்க மாதிரி," என்றாள் பியூலா.

"உங்க வீட்டுக்காரர் வரலியா?"

"பேத்தமங்களா ஊர்ல கீறாருங்க. தோட்டம் பாத்துக்கினு." எங்கிருந்து வந்தது அந்தப் பொய் என்று குணசுந்தரிக்கே தெரியவில்லை. வந்ததும் வாய்க்கு ருசியாக இருந்தது.

"உடம்பெல்லாம் நல்லா இருக்காரா?"

"அவருக்கு இன்னாங்க? கல்லு மாதிரி கீறாரு."

அப்போது லிஃப்ட் கதவு திறந்தது. பியூலா வீட்டு வாசல் விருந்தாளிகளுக்காக விரியத் திறந்து கிடந்தது. அதன் நேர் எதிரே காத்தவராயன் வந்து நின்றார். ஒரு கை சுவரில் இருந்தது. உதடு நீலம் பூத்திருந்தது. உள்ளேயிருந்து வருகிற இருமலை வெளியே விடக்கூடாது என்று வாயை இறுக்கி மூடியிருந்தார். மூடிய வாய்க்குக் கீழே ஸ்வெட்டர் ஏறி ஏறி இறங்கியது.

"யாருங்க அது?" ஐடா எட்டிப் பார்த்தாள். "ஓ, கீழ எங்க காரை ரிவர்ஸ் எடுக்க வழி காட்டினாரே! பாவம், அந்தப் புகையெல்லாம் அவர் மூஞ்சிலதான் அடிச்சுது. வாட்ச்மேன்தானே?"

பியூலா வாயைத் திறந்தாள். குணசுந்தரியைப் பார்த்தாள். முதன்முதலாக ஆட்டுக்கால் சூப்போடு வந்து நின்றபோது பார்த்த அதே பார்வை.

குணசுந்தரி உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகியிருக்கும்? பேத்தமங்களா தோட்டம் போயிருக்கும். கூடப் பொறந்தவள் போயிருப்பாள். சம்பந்தமும் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். ஐடா நல்ல பொம்பளையாகத்தான் தெரிந்தாள்.

"ஆமாங்க," என்றாள் குணசுந்தரி.

"குளிருல உக்காந்திருந்தாரு. அவருக்கும் ஒரு பீஸ் குடுங்களேன்," என்றாள் ஐடா.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். அவர் கையை நீட்டினார். எதற்கு நீட்டுகிறார் என்று அவளுக்குத் தெரியும். மருந்துப் பம்பு, பூட்டிய வீட்டுக்குள், குளியலறைத் தட்டில் இருக்கிறது. சாவி அவள் இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. வீட்டுச் சாவியை எடுத்து வாட்ச்மேன் கையில் யாராவது கொடுப்பார்களா? அவள் முதுகில் ஆறு பேருடைய கண்கள் இருந்தன.

நீட்டிய கையில் கேக் தட்டை வைத்தாள்.

"அவங்க இப்ப கெளம்பிடுவாங்க. பத்து நிமிசம்," என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னாள்.

அவர் கேக்கைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். ஒரே ஒரு தடவை இருமிக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றியது. அதையும் அவள் சொல்லவில்லை. அவர் குனிந்து, பியூலா வீட்டுச் செருப்பு ஸ்டாண்டின் மேல் தட்டைச் சத்தம் வராமல் வைத்தார். லிஃப்டைத் தொடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, வாயைத் திறக்காமலே கீழே இறங்கிப் போனார்.