உறை போட்ட பாட்டுப்பெட்டி

சக்கர நாற்காலி ஒரு பெரிய அட்டைப்பெட்டியில் வந்து இறங்கியபோது அப்பா படுக்கையறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். வேண்டுமென்று நிற்கவில்லை. அறையிலிருந்து கூடத்துக்கு வரும்போது நிலைப்படியில் கால் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டன. மனசு போ என்கிறது, முழங்கால் சரி என்கிறது, பாதம் மட்டும் காதில் விழாததுபோல் கிடக்கிறது.

“என்னது அது?” என்றார், நின்ற இடத்திலிருந்தே.

“அண்ணன் அனுப்பியிருக்கான்ப்பா. வீல்சேர்,” என்றாள் சின்னவள்.

“அவனுக்கு என்னாச்சு? நல்லாத்தானே இருந்தான்.”

சமையலறையில் அம்மா சிரித்துவிட்டு, சிரித்திருக்கக் கூடாதோ என்று இருமினாள்.

அப்பா மின்சார அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுத்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை ஊரில் பாதித் தெருக்களைக் காலாலேயே அளந்தவர். யார் வீட்டு நாய் கடிக்கும், யார் வீட்டு நாய் குரைப்பதோடு சரி என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தெருவில் அவருக்குப் பெயரே மீட்டர்தான். அந்த மனிதருக்குத்தான் நடுக்குவாதம் வந்தது. கையை ஏதோ கொஞ்சம் ஆட்டிவிட்டு, நேரே காலுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. வெட்டவெளியில் ஓரளவு நடப்பார். வாசலோ திருப்பமோ வந்தால் நின்றுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தெருமுனை சலூனுக்குப் போய்ச் சவரம் செய்துகொண்டு, பேப்பர் படித்து, நாலு பேரை வம்புக்கு இழுத்துவிட்டு வருவது அவர் வழக்கம். அது நின்று மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது அம்மாதான் சவரம் செய்துவிடுகிறாள்.

“ஆடாம இருங்க.”

“நான் ஆடல. நீதான் ஆடற.”

“நடுக்குவாதம் உங்களுக்கா எனக்கா?”

“அதான் எனக்கும் சந்தேகமா இருக்கு.”

முடிக்கும்போது தாடையில் இரண்டு மூன்று இடத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும்.

அன்று மாலை அண்ணன் வெளியூரிலிருந்து பேசினான். ஞாயிற்றுக்கிழமை காலை வருவதாகவும், நாற்காலியைத் தானே பிரித்து மாட்டித் தருவதாகவும் சொன்னான். அப்பா ஃபோனை வாங்கிக்கொண்டார்.

“ஞாயித்துக்கிழமை நீ வர்றதுக்குள்ள நானே நடந்து சலூனுக்குப் போயிட்டேன்னா, பெட்டியப் பிரிக்கக் கூடாது. சரியா?”

“நடக்கலன்னா?”

“நடக்கலன்னா நீ தள்ளு, நான் உக்காந்துக்கறேன். மூச்சு விட மாட்டேன்.”

ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவர் குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார். சின்னவள் அதைக் கவனித்தாள். அவள் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவள். பேசுவதைவிடக் கவனிப்பது அவளுக்குச் சுலபம்.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபி பெண் முன்பே ஒரு வழி சொல்லியிருந்தாள். “உள்ளுக்குள்ள தாளம் போடுற இடம் களைச்சுப்போச்சு. வெளியில இருந்து சீரா ஒரு தாளம் குடுத்தா கால் அதைப் பிடிச்சுக்கும்.” சின்னவள் உடனே தன் ஃபோனில் ஒரு பாட்டைப் போட்டு, அப்பா முன்னால் பிடித்துக்கொண்டு நடந்தாள். நிலைப்படியில் ஒரு காலைத் தூக்கியிருந்த நேரம் பார்த்து ஃபோன் மணி அடித்தது. பாட்டு அறுந்தது. தூக்கிய கால் எங்கே இறங்குவது என்று தெரியாமல், அப்பா தடாலென்று விழுந்தார். கைமணிக்கட்டு வீங்கியது. கூப்பிட்டது அண்ணன். அப்பா விழுந்துவிட்டார் என்று கேட்டு மிரண்டுபோய்த்தான் அவன் நாற்காலிக்குச் சொல்லியிருக்கிறான். தன் அழைப்பால்தான் விழுந்தார் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. அன்றோடு அம்மா வீட்டில் சட்டம் போட்டுவிட்டாள்: நடக்கும்போது எவர் ஃபோனும் பக்கத்தில் வரக்கூடாது.

மிச்சமிருந்தது கூடத்துப் பாட்டுப்பெட்டி.

அது அண்ணன் முதல் சம்பளத்தில் வாங்கியது. இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், நடுவில் கறுப்புப் பெட்டி, அதன் தலையில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில்தான் சின்ன மியூசிக் பிளேயர் உட்கார்ந்திருக்கும். கடைக்காரர் அந்தப் பள்ளத்தை டாக் என்றார். பிளேயர் அதில் உட்கார்ந்தால் பாட்டு ஸ்பீக்கரில் வரும், பிளேயருக்குச் சார்ஜும் ஏறும். வேலை மாற்றலாகிப் போகும்போது அண்ணன் அதை வீட்டுக்கே விட்டுவிட்டு, விரலை ஆட்டிச் சொன்னான்: “பிளேயர யாரும் பிடுங்காதீங்க. உள்ள இருக்கிற பின் வளைஞ்சா அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து அதை யாரும் தொடவில்லை. அம்மா தடித்த துணியில் உறை தைத்தாள். பெட்டிக்கும் பிளேயருக்கும் சேர்த்து ஒரே உறை. திரை தெரிய மட்டும் நகத்தளவு ஒரு ஜன்னல். எல்லாம் ரிமோட்டில்தான். வருஷங்கள் போகப் போக, பிளேயர் தனி, பெட்டி தனி என்பதே வீட்டில் எல்லோருக்கும் மறந்துவிட்டது. சின்னவளுக்கும்தான்.

சின்னவள் ரிமோட்டை வைத்துக்கொண்டு பாட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டாள். காதல் பாட்டுக்கு அப்பாவின் கால் இழுபட்டது. குத்துப் பாட்டுக்குப் பதறியது. கடைசியில் ஒரு அணிவகுப்பு மெட்டு அகப்பட்டது. அண்ணன் கல்லூரி பேண்டு குழுவில் பெரிய டிரம் அடித்தவன். அவர்களே வாசித்துப் பதிவு செய்தது. முதல் டம் விழுந்ததும் அப்பாவின் குதிகால் எழுந்தது. நிலைப்படியைத் தாண்டினார். அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“இவன் டிரம் அடிக்கிறேன்னு மொட்டைமாடியில உயிர வாங்கினப்போ, ‘உனக்கும் பிரயோஜனம் இல்ல, ஊருக்கும் பிரயோஜனம் இல்ல’ன்னு திட்டினீங்களே,” என்றாள்.

“ஊருக்குத்தான் இன்னும் பிரயோஜனம் இல்ல,” என்றார் அப்பா, நடந்துகொண்டே.

கூடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. வாசலைத் தாண்டினால் பாட்டு மெலிந்தது, கால் தடுமாறியது. கேட்டருகே போனால் தெருச் சத்தத்தில் டிரம் மூழ்கிவிடும், அவரும் நின்றுவிடுவார். சின்னவள் ஸ்பீக்கர்களை ஜன்னலில் தூக்கி வைத்தாள். ஒயரை வாசல்வரை இழுத்துப் பார்த்தாள். சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினாள். மாடிவீட்டு வக்கீல் லுங்கியோடு இறங்கி வந்தார்.

“ஏம்மா, பட்டாளம் ஏதாவது இந்தப் பக்கம் வருதா?”

சின்னவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்பாவின் கால் மாதிரியே. அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள். வக்கீல் தலையைச் சொறிந்து, “அப்ப வைங்க. ஆனா மத்தியானம் மட்டும் வேணாம்,” என்று மேலே போனார்.

எத்தனை ஏற்றினாலும் கேட்டுக்கு அந்தப் பக்கம் பாட்டு போகவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அப்பா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு சலூன் இருக்கும் திசையைப் பார்த்தார்.

“பாட்டு எங்க முடியுதோ அங்க நானும் முடிஞ்சுபோறேன், பாத்தியா,” என்றார். குரலில் கிண்டல் இல்லை.

அவரைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டி வந்து, கூடத்தில் கடைசியாக ஒரு தடவை நடக்கலாம் என்று பாட்டைப் போட்டாள். நடுக்கூடத்தில் அவர் இருக்கும்போது மின்சாரம் போனது. ஸ்பீக்கர் ஊமையாயிற்று. அப்பா நின்றார்.

“நம்ம ஆபீஸ்காரனுங்க,” என்றார் இருட்டுக்குள். “எனக்கு வழியனுப்பு விழா நடத்துறானுங்க.”

அம்மா டார்ச் தேடினாள். சின்னவள் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டில் எந்த விளக்கும் எரியவில்லை. ஆனால் பாட்டுப்பெட்டியின் உறையில், நகத்தளவு ஜன்னலில், நீலமாக ஏதோ ஒளிர்ந்தது. பக்கத்தில் போய்க் குனிந்து பார்த்தாள். திரையில் பாட்டின் பெயரும் இரண்டு சின்னக் கோடுகளும் தெரிந்தன. பாட்டு நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஊருக்கே மின்சாரம் இல்லை. இதற்கு மட்டும் எங்கிருந்து?

பதில் தெரிந்ததும் அவளுக்குத் தன் தலையிலேயே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. உள்ளே பேட்டரி இருக்கிறது. கையில் எடுத்துப் போவதற்கென்றே செய்த சாமானை, பூ வைக்காத குறையாக, பீடத்தில் வைத்து மூடியிருக்கிறோம்.

அவள் உறையை உருவினாள்.

“ஏய், அதுல கை வைக்காத! பின்னு வளைஞ்சிடும்டி!” என்று அம்மா டார்ச்சோடு ஓடி வந்தாள்.

டக் என்று ஒரு சத்தம். பிளேயர் கையோடு வந்துவிட்டது. அம்மா டாக்கின் பள்ளத்துக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். பின்கள் வரிசை கலையாமல் நின்றிருந்தன.

“ஒண்ணும் ஆகலையே,” என்றாள், ஏமாந்தவள்போல. “இத்தன வருஷம் தூசி தட்டக்கூட பயந்தேன்.”

சின்னவள் தன் பையிலிருந்து இயர்ஃபோனை எடுத்துப் பிளேயரில் சொருகி, அப்பாவின் காதுகளில் வைத்து அழுத்தினாள். அப்பா கண்களை அகல விரித்தார்.

“மண்டைக்குள்ளயே அடிக்கிறான்டா!” என்று கத்தினார். காதில் பாட்டு இருந்ததால் கத்துவது அவருக்கே தெரியவில்லை. இருட்டிலேயே நடந்து, வாசலைத் தாண்டி, கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பினார்.

ராத்திரி மின்சாரம் திரும்பியதும் பிளேயரை மறுபடி டாக்கில் உட்கார வைத்தாள். சார்ஜ் முழுதாக ஏறியதாகத் திரை காட்டியது. ஆனாலும் மனசு ஓரத்தில் உறுத்தல். வருஷக்கணக்காகச் சார்ஜிலேயே கிடந்த பேட்டரி காட்டுவதை நம்ப முடியாது என்று அவள் படித்திருக்கிறாள்.

காலையில் புறப்பட்டார்கள். அம்மா கேட்டில் நின்றுகொண்டாள். “நான் வந்தா உங்களப் பேச வச்சு, தாளத்தக் கெடுத்துருவேன்,” என்றாள்.

அப்பா இஸ்திரி போட்ட சட்டையில், காதில் ஒயர் தொங்க, டம் டம் என்று தெருவில் இறங்கினார். சின்னவள் பக்கத்திலேயே, தொடாமல் நடந்தாள். ஒவ்வொரு வீட்டையும் தாண்டும்போது அவர் கண் தானாக மீட்டர் இருக்கும் மூலைக்குப் போய் வந்தது. தையற்கடை தாண்டியது. வாகனங்கள் நிறுத்தும் குறுகலான சந்து வாய், அவள் ரொம்பப் பயந்த இடம், அதுவும் தாண்டியது. சலூனின் கண்ணாடிக்கதவு கண்ணுக்குத் தெரிந்தது.

அப்போது அப்பா நின்றார்.

“நின்னுபோச்சு,” என்றார்.

பிளேயரைப் பிடுங்கிப் பார்த்தாள். திரை கறுப்பு. அமுக்கினாள், தேய்த்தாள். ஒன்றுமில்லை. அப்பாவின் பாதங்கள் தார்ச்சாலையோடு ஒட்டியிருந்தன. உடம்பு மட்டும் முன்னால் சாயப் பார்த்தது. பின்னால் ஒரு ஸ்கூட்டர் ஹாரன் அடித்தது. தையற்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பழக்கூடைக்காரி நின்றேவிட்டாள்.

சின்னவள் வகுப்பில் ‘உள்ளேன் ஐயா’ சொல்லவே தயங்கியவள். பரிசோதனைக்கூடத்தில் அவள் குரலை நாள் கணக்கில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது.

“டம்,” என்றாள். “டம். டம். டர்ர டம்.”

“கேக்கல,” என்றார் அப்பா.

“டம்! டம்! டர்ர டம்!”

குதிகால் எழுந்தது. அவள் காது மடல்வரை சூடாகிவிட்டது, ஆனாலும் விடவில்லை. டிரம்மோடு நிறுத்தினால் போதாது என்று எக்காளத்தையும் சேர்த்துக்கொண்டாள். ஸ்கூட்டர்காரர் வண்டியை அணைத்தார். பழக்கூடைக்காரி வழிவிட்டாள். எதிரில் ஒரு டாக்சி வந்து நின்று, துணிப்பெட்டியோடு அண்ணன் இறங்கினான். அப்பாவைப் பார்த்தான். நடுத்தெருவில் எக்காளம் ஊதும் தங்கையைப் பார்த்தான். மெட்டு யாருடையது என்று அவனுக்கா தெரியாது? பெட்டியை இடுப்பில் தூக்கி வைத்து, உள்ளங்கையால் அடிக்கத் தொடங்கினான்.

சலூன்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“வாங்க மீட்டர் சார். இவ்வளவு நாள் என்ன, கரண்ட் கட்டா?”

அப்பா அந்த வாசலையும் தாண்டி, சுழல் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். சலூன்காரர் துண்டைப் போர்த்தி, முகத்தில் சோப்பு தடவினார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டான்: “நல்லா நடக்கறாரே. அன்னிக்கு எப்படித்தான் விழுந்தாரு?”

“நீ ஃபோன் பண்ணதாலதான்,” என்றாள் சின்னவள். தொண்டை ஏற்கெனவே திறந்திருந்ததால் அது சட்டென்று வந்துவிட்டது.

அண்ணன் விழித்தான். அப்பா கண்ணாடியில் அவனைப் பார்த்துச் சிரித்தார். சோப்பு நுரை வாய்க்குள் போயிற்று.

“அப்ப அந்த வீல்சேர் பெட்டியத் திருப்பி அனுப்பிடவா?” என்றான் அண்ணன்.

அப்பா வாயோர நுரையை வழித்தார். “வேணாம். பிரிக்காம வை. அது தேவைப்படுற நாள் வந்தா வரட்டும். இன்னிக்கு எனக்கு இந்த நாற்காலி போதும்.”

“பிளேயருக்குப் புது பேட்டரி மாத்திடலாம்ப்பா. நாளைக்கே,” என்றாள் சின்னவள்.

“மாத்து. இப்ப வீட்டுக்கு எப்படித் திரும்பறது?”

அண்ணனும் சலூன்காரரும் ஒரே நேரத்தில் சின்னவளைப் பார்த்தார்கள். அவள் மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டாள்.