கார் வராத தெரு

கடைத்தெருவில் கார் ஓடக் கூடாது என்று திட்டம் போட்டவரே நகராட்சி இன்ஜினியர்தான். கடைக்காரர்கள் மேசையைத் தட்டிக் கத்தியபோதும், "மனுஷன் பயமில்லாம நடக்க ஒரு தெருவாவது வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்று சாதித்தார். தெருமுனையில் இரும்புக் கம்பங்கள் நட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்தால் கழற்ற ஒரு சாவி உண்டு. அது அவரிடம் இருந்தது.

அன்று காலை மாமியாரைக் கண் டாக்டரிடம் அழைத்து வந்தார். டாக்டரின் கிளினிக் கடைத்தெருவின் நடுவில்.

"இங்கயே இறங்கி நடந்துடறேன் மாப்பிள்ளை. கண்ணுதான் மங்கல், காலு நல்லாத்தானே இருக்கு?"

"சும்மா உக்காருங்க அத்தை. நான் அடைச்ச தெருவுல எனக்கென்ன தடை?"

மாமியாரிடம் கொஞ்சம் பந்தா காட்டத் தோன்றியது, அவ்வளவுதான். கம்பத்தைக் கழற்றிவிட்டுக் காரை உள்ளே விட்டார். ஜனங்கள் முறைத்தபடி ஒதுங்கினார்கள். துணிக்கடையைத் தாண்டும்போது படக்கென்று ஏதோ முறியும் சத்தம். பிரேக்கை மிதித்தார்.

எதிரே பாட்டு வாத்தியார் நின்றிருந்தார். பார்வை இல்லாதவர். தெருவில் கார் வருவது நின்ற பிறகுதான் மனைவியின் துணையில்லாமல் வகுப்பெடுக்கப் போய்வர ஆரம்பித்திருந்தார். அடி எதுவும் படவில்லை. அவருடைய கைத்தடி மட்டும் டயருக்கடியில் இரண்டு துண்டாகக் கிடந்தது.

இன்ஜினியர் இறங்கி ஓடுவதற்குள் வாத்தியாரே பதறிப்போய்ப் பேசினார். "மன்னிச்சுக்குங்க, என் தப்புதான். ஏதோ ஞாபகத்துல வேற தெருவுக்கு வந்துட்டேன் போல. கடைத்தெரு எந்தப் பக்கம்னு சொல்றீங்களா?"

துணிக்கடைக்காரர்தான் சொன்னார். "இதுதாங்க கடைத்தெரு. கார்ல வந்தது நம்ம இன்ஜினியர்."

வாத்தியார் கார் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பினார். "சாரா? அப்ப ஏதோ அவசரமாத்தான் இருக்கும். யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"ஆமா... அத்தைக்கு..." என்று இழுத்தார் இன்ஜினியர்.

கார்க் கதவு திறந்தது. "எனக்கு ஒண்ணுமில்லைங்க. நான் நடந்தே வந்திருப்பேன்" என்றார் மாமியார். மருமகனைத் திரும்பிப் பார்க்காமல் வாத்தியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். காரைத் திருப்ப இடமில்லை. அத்தனை பேரும் பார்த்திருக்க, தெரு முழுவதும் ரிவர்ஸிலேயே வெளியே வந்தார் இன்ஜினியர்.

சாவியைத் தீயணைப்பு நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, சாயங்காலம் புதுக் கைத்தடியோடு வாத்தியார் வீட்டுக்குப் போனார். மனைவி கதவைத் திறந்தாள். தடியை வாங்கி மூலையில் சாத்தினாள்.

"நாளையிலேர்ந்து பழையபடி நானே கூட்டிட்டுப் போறேன். தனியாப் போகலைன்னுட்டாரு."

உள்ளிருந்து வாத்தியாரின் குரல் வந்தது. "கோபமெல்லாம் இல்ல சார். இந்தத் தெருவுல காதைத் தீட்டிக்காம நடந்து பழகிட்டேன். இன்னிக்குத் திரும்பி வர்றப்ப சைக்கிள் சத்தம் கேட்டாக்கூட காலு நின்னுடுது. கொஞ்ச நாள் போகட்டும்."

தன்னைப் பார்க்கவே முடியாத மனிதரின் குரலுக்கு முன்னால் இன்ஜினியர் தலை குனிந்தபடி, வாசலிலேயே நின்றிருந்தார்.