கெட்டிமேளப் பொத்தான்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வேண்டுமானால் எரிகிற கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்கிறேன். கற்பூரம் நீங்கள்தான் கொண்டுவர வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் இதே விஷயத்தை இதற்கு முன் கேட்டவர்களிடம் தீர்ந்துவிட்டது.

என் தங்கை மகள் ரஞ்சனியின் கல்யாணத்துக்கு ஜாவாஸ்கிரிப்ட் எழுதியது நான்தான். தாய்மாமன் செய்ய வேண்டிய சீர் அது. மற்ற ஊர்களில் பட்டு, மாலை, மெட்டி என்று தட்டு வைப்பார்கள். எங்கள் ஊரில் கணினிக்கு எழுதிய நிரலை வைக்க வேண்டும். தாம்பாளத்தில் வைத்து, மேலே ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்து, மேளத்தோடு எடுத்துப்போனேன்.

மண்டபம் இரண்டு பிரவுசரில் ஓடும். கணினியில் இணையப் பக்கத்தைத் திறந்து காட்டுவது பிரவுசர். எங்கள் ஊரில் கல்யாண மண்டபத்தைத் திறந்து காட்டுவதும் அதுதான். இடப்பக்கம் பெண் வீட்டார் பிரவுசர். வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பிரவுசர். நடுவில் சிவப்புக் கம்பளம். மேடையும் ஐயரும் இரண்டு பக்கத்துக்கும் பொது.

மேடையில் ஒரு பித்தளைப் பொத்தான் இருக்கும். கெட்டிமேளப் பொத்தான். ஐயர் விரலை ஆட்டினால் அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் மேளம் மட்டும் கொட்டாது. இப்போது யாருக்கும் லீவு கிடைப்பதில்லை. ஆகவே பெண் பார்ப்பதிலிருந்து பந்தி வரை எல்லாம் அந்த ஒரே அழுத்தில் நடந்தாக வேண்டும். அதற்காகப் பொத்தானின் அடியில் ஆட்களைக் கட்டிவைப்போம். பொத்தான் அழுந்தியதும் ஒவ்வொருவராக எழுந்து தன் வேலையை நடத்திவிட்டுப் போவார். அப்படிப்பட்ட ஆளுக்கு ஹேண்ட்லர் என்று பெயர்.

நான் நாலு பேரைக் கட்டியிருந்தேன். முதலில் பெண் பார்த்தல். அடுத்து நிச்சயம். அடுத்து தாலி. கடைசியில் பந்தி. நான் போட்ட முடிச்சு தூக்கத்தில்கூடத் தப்பாது. தூக்கத்தில்தான் போட்டேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஏகாம்பரம் காலையிலிருந்தே அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை பார்த்தால் ஆசை. திரும்பத் திரும்பப் பார்த்தால் என்ன?

"என்ன பாக்குறீங்க?"

"பித்தளைதானான்னு பாத்தேன்."

"பித்தளைதான்."

"அதான் கேட்டேன்."

அவர் கேட்கவே இல்லை. இதை மனதில் முடிந்துவைத்துக்கொண்டேன்.

ஐயர் விரலை ஆட்டினார். நான் அழுத்தினேன்.

எங்கள் பக்கம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜியும் கேசரியும் சாப்பிட்டார்கள். பிடித்திருக்கிறது என்றார்கள். தட்டு மாற்றினார்கள். தாலி ஏறியது. பந்தி போட்டார்கள். மாப்பிள்ளை குகன் ஒரு கையால் ரஞ்சனியின் கையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஜாங்கிரியைப் பிய்த்தார். என் தங்கை சொர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் கம்பளத்துக்கு அப்பால் பார்த்தேன்.

அங்கே பந்தி முதலில் முடிந்திருந்தது. இலையை மடக்கிவிட்டுத் தாலி கட்டியிருந்தார்கள். தாலி கட்டிய கையோடு நிச்சயம் நடந்தது. நிச்சயத்துக்குப் பிறகு பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி சாப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"அப்ப நாங்க கிளம்புறோம். ஊருக்குப் போய்ப் போன் பண்றோம்."

இதற்கு அர்த்தம் தெரியாத பெண் வீட்டார் தமிழ்நாட்டில் கிடையாது. அந்தப் போன் இதுவரை எந்த வீட்டுக்கும் வந்ததில்லை.

சொர்ணம் நெஞ்சில் கை வைத்தாள்.

"அண்ணே, என்னண்ணே சொல்றாங்க?"

"ஊருக்குப் போய்ப் போன் பண்றாங்களாம்."

"தாலி கட்டியாச்சேண்ணே!"

"இந்தப் பக்கம்."

ரஞ்சனி மேடையிலிருந்து கூப்பிட்டாள். அழவில்லை. அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். முதலில் கோளாறைச் சொல்வாள்.

"மாமா, இந்தப் பக்கம் என் கையப் பிடிச்சிருக்காரு. அந்தப் பக்கம் என் பேரு என்னன்னு அவங்க அம்மாகிட்ட கேக்குறாரு."

"ரெண்டும் ஒரே மாப்பிள்ளைதானா? நல்லாப் பாத்தியா?"

"ஒரே ஆளுதான் மாமா. ரெண்டு பக்கமும் வாட்ச் நின்னு போயிருக்கு."

"உனக்கு எந்தப் பக்கத்து ஆளும்மா வேணும்?"

"ரெண்டு பக்கமும் வேணும். ஒரு பக்கத்துப் புருஷனோட எப்படிக் குடித்தனம் பண்றது? சீக்கிரம் சரி பண்ணுங்க. அங்க செருப்பைத் தேட ஆரம்பிச்சுட்டாரு."

நான் கம்பளத்தைத் தாண்டினேன். காலையில் அதன் அகலம் நாலு முழம். இப்போது நடுவில் ஒரு டீக்கடை வந்திருந்தது. டீ கொடுத்தார்கள். நான் குடிக்கவில்லை. கேட்காமல் கொடுக்கும் டீயில் எப்போதும் ஒரு காரணம் இருக்கும்.

அந்தப் பக்கம் யாருக்கும் என்னைத் தெரியவில்லை.

"யாருங்க நீங்க?" என்றார் ஏகாம்பரம்.

"பொண்ணுக்குத் தாய்மாமன்."

"எந்தப் பொண்ணு?"

"மேடையில உக்காந்திருக்கே, அது."

"அதைப் பாக்கத்தான் வந்தோம். லட்சணமான பொண்ணு. ஊருக்குப் போய்ப் போன் பண்றோம்."

"பொத்தான்ல ஏதோ கோளாறு. வரிசை தலைகீழா ஓடுது."

"எங்க பக்கத்துல எல்லாம் சரியாத்தான் ஓடுது."

"மாப்பிள்ளை செருப்பைத் தேடுறாரே?"

"விசேஷத்துக்கு வந்தா செருப்பைத் தேடத்தான் செய்வாங்க."

எனக்குச் சந்தேகம் வந்தது. வாசலில் குகனின் இடது செருப்பு கிடந்தது. எடுத்துத் துண்டில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டேன். ஒற்றைச் செருப்போடு யாரும் ஊர் போய்ச் சேர்ந்ததாக வரலாறு இல்லை.

பிறகு விசாரணையைத் தொடங்கினேன். பந்தி ஹேண்ட்லர் ஒரு மூலையில் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"உன்னைக் கடைசியாத்தானேய்யா கட்டினேன்?"

"ஆமா. அதான் முதல்ல எந்திரிச்சேன்."

"அது எப்படி?"

"பஸ்ஸுல கடைசியா ஏறினவன்தானே படியில நிப்பான்? அவன்தானே முதல்ல இறங்குவான்?"

"எங்க பக்கம் முதல்ல ஏறினவன் முதல்ல இறங்குறானே?"

"உங்க பஸ்ஸுக்கு ரெண்டு வாசல்."

இது நியாயமாக இருந்தது. அதனால் சந்தேகம் கூடிற்று. நான் அழுத்திய பிறகு வேறு யாரோ அழுத்தியிருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பொத்தான் அழுந்தியதும், யார் அழுத்தினார், எங்கே, எந்த விரலால் என்று ஹேண்ட்லரின் கையிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். இந்தப் பக்கம் அந்த வழக்கம் இல்லை. விவரம் வேண்டுமானால் ஜன்னலில் போய்க் கேட்க வேண்டுமாம்.

ஜன்னல் தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. நான் நடந்தேன். கோடியும் நடந்தது. நான் நின்றேன். அதுவும் நின்றது. திரும்பிப் போவதுபோல ஒரு பாவனை செய்தேன். ஜன்னல் பின்னாலேயே வந்துவிட்டது.

தட்டினேன். உள்ளே ஒருவர் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

"என்ன வேணும்?"

"பொத்தானை அழுத்தினது யாருன்னு தெரியணும்."

"எந்த விரல்?"

"ஆள்காட்டி விரல்."

"இங்க அதுக்கு ஒண்ணாம் நம்பர். உங்க ஊர்ல?"

"சைபர்."

"விளங்கிரும்," என்றார். முறுக்கை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "இங்க கடைசியா நடந்தது மட்டும்தான் இருக்கும்."

"கடைசியா என்ன நடந்திருக்கு?"

"யாரோ ஜன்னலைத் தட்டியிருக்காங்க."

"அது நான்தான்."

"அப்ப நீங்கதான்," என்று சொல்லி ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

என்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது அன்றுதான் முதல் தடவை. அதற்கு முன் வர வேண்டிய நேரங்களில் வந்ததில்லை.

திரும்பும்போது கம்பளத்தில் ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது.

சொர்ணம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் பஸ் விஷயத்தைச் சொன்னேன்.

"அப்ப நீயும் தலைகீழாக் கட்டிருண்ணே. அவங்களுக்கு நேராயிரும்."

"அவங்களுக்கு நேராகும். நம்ம பக்கம் தாலி கட்டிட்டு, பொண்ணைப் பாத்துட்டு, போன் பண்றோம்னு எந்திரிப்பாங்க."

"யாரு?"

"அவங்கதான்."

"அப்ப நம்ம போன்ல அடிக்குமா, அவங்க போன்ல அடிக்குமா?"

நான் யோசித்தேன். ரஞ்சனிதான் குறுக்கே வந்தாள்.

"நாலு பேரு இருக்கிறதாலதானே மாமா முன்னே பின்னே? எல்லாரையும் அவுத்து விட்டுருங்க. தாலி மட்டும் இருக்கட்டும். ஒத்த ஆளு ஏறினா, எந்த வாசல்ல இறங்கினா என்ன?"

எனக்கு அவள் புத்தி. தலைமுறை மாறி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஹேண்ட்லரை அவிழ்க்க ஒரு முறை உண்டு. கட்டியபோது வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் முடிச்சு அசையாது. இரண்டு பிரவுசரும் ஒத்துக்கொள்ளும் ஒரே சட்டம் இது. பெண் பார்த்தலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மீதி பஜ்ஜியோடு எழுந்து போனார். நிச்சயத்தைக் கூப்பிட்டேன். தாம்பாளத்தைத் தலைக்கு மேல் கவிழ்த்துக்கொண்டு போனார். பந்திக்கு வந்தபோது நாக்கு நின்றுவிட்டது. அவசரத்தில் அந்த ஆளைப் பெயர் வைக்காமலே கட்டியிருந்தேன். சாப்பாடு போடுகிறவன் பெயரை யார் கேட்கிறார்கள்?

"உம் பேரு என்னய்யா?"

"கட்டும்போது கேட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப இல்ல."

"கொஞ்சம் எந்திரிச்சுப் போயிடேன்."

"பேர் சொல்லிக் கூப்பிடுங்க, போறேன்."

ராமசாமி என்றேன். குப்புசாமி என்றேன். மாயாண்டி, பிச்சை, ஆரோக்கியம், காதர் என்றேன். ஒன்றுக்கும் அவர் திரும்பவில்லை. வாசல் பக்கமிருந்து வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்துக் குகன் வேனின் படியில் வலது காலை வைத்திருந்தார். அந்தக் காலில் செருப்பு இருந்தது. ஆகவே அந்தக் கால் ஊருக்குப் போகத் தயாராக இருந்தது. இடது கால் தரையில் நின்று என்னைப் போலவே யோசித்துக்கொண்டிருந்தது.

"மாமா," என்றாள் ரஞ்சனி. "விடுங்க. பந்தி இருந்துட்டுப் போகட்டும்."

"இருந்தா வரிசை மாறுமேம்மா."

"மாறட்டும். நல்லா யோசிச்சுப் பாருங்க."

யோசிக்க நேரமில்லை. மண்டபத்தை ரீஃப்ரெஷ் செய்தோம். ரீஃப்ரெஷ் என்றால், வந்தவர்கள் எல்லாரும் வெளியே போய் மறுபடி வர வேண்டும். வாசலில் மறுபடி பன்னீர் தெளித்தார்கள். மறுபடி சந்தனம், மறுபடி கற்கண்டு. "வாங்க வாங்க, இப்பத்தான் வர்றீங்களா?" என்று மறுபடி கேட்டார்கள். ஒரு கிழவர் மட்டும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அவருக்குப் பழைய கல்யாணமே இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவரை அப்படியே விட்டுவிட்டோம். வேன் படியில் நின்ற குகன்மேலும் பன்னீர் விழுந்தது. பன்னீர் விழுந்தால் உள்ளே வந்துதான் ஆக வேண்டும். ஒற்றைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

ஐயர் விரலை ஆட்டினார். நான் கையைக் கொண்டுபோனேன்.

"நீங்க வேண்டாம் மாமா," என்றாள் ரஞ்சனி. மாலையை ஒதுக்கிக்கொண்டு அவளே அழுத்தினாள்.

எங்கள் பக்கம் தாலி கட்டிவிட்டுச் சாப்பிட்டார்கள். அவர்கள் பக்கம் சாப்பிட்டுவிட்டுத் தாலி கட்டினார்கள்.

அவ்வளவுதான். யாரும் செருப்பைத் தேடவில்லை. யாரும் போன் பண்ணுவதாகச் சொல்லவில்லை.

ரஞ்சனி குகனைப் பார்த்தாள். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"இனிமேதான்," என்றார் குகன், எங்கள் பக்கம். "ஆச்சு," என்றார் அதே நேரத்தில், அந்தப் பக்கம். அவள் இரண்டையும் நம்பினாள். அவளுக்கு அப்போதுதான் கண் கலங்கியது.

ஒரு சின்னத் தவறு நேர்ந்ததை மறைக்க விரும்பவில்லை. பொத்தானில் அழுத்துவது பொத்தானோடு நிற்காது. அங்கிருந்து மேடைக்கு ஏறும், மேடையிலிருந்து மண்டபத்துக்கு ஏறும், மண்டபத்திலிருந்து தெருவுக்கு ஏறும். நடுவில் நிற்கச் சொல்லி ஒரு வரி எழுத வேண்டும். நான் எழுதவில்லை. அன்றைக்கே மண்டபத்துக்கும் எதிரில் இருந்த அரிசி மில்லுக்கும் கல்யாணம் முடிந்துவிட்டது. இரண்டும் இன்றுவரை ஒற்றுமையாகத்தான் இருக்கின்றன. நடுவில் ரோடு இருப்பது ஒரு குறை.

ஏகாம்பரம் தாம்பூலப் பையோடு என்னிடம் வந்தார்.

"நான் அப்பவே சொல்லல? எங்க பக்கத்துல சரியாத்தான் ஓடுது."

"சொன்னீங்க."

"அக்குள்ல என்ன?"

"சீர்."

"தாய்மாமன் சீரா?"

"ஆமா."

அவர் என் முகத்தைப் பார்த்தார். சொர்ணத்தின் முகத்தைப் பார்த்தார். மறுபடி என் முகத்தைப் பார்த்தார். காலையில் பொத்தானைப் பார்த்த அதே பார்வை.

"அந்தம்மா உங்க கூடப் பொறந்த தங்கச்சிதானே?"

"கூடப் பொறந்தவதான். எனக்கு நேர் இளையவ."

"ஜாடையே இல்லியே?"

"எங்க பக்கம் வந்து பாருங்க. இருக்கும்."

அவர் கம்பளத்தில் கால் வைத்தார். டீக்கடை வரைக்கும் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

குகனின் இடது செருப்பு இன்றும் என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. ஒன்பதாம் நம்பர், பழுப்பு நிறம், கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் தேய்ந்திருக்கும். சந்தேகப்படுகிறவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து தொட்டுப் பார்க்கலாம்.

என் அம்மாவுக்கு நான் ஒரே பிள்ளை.