சாம்பல் நிற கவுனுக்கு நாற்பது நிமிடம்

விருது விழாவின் சிவப்புக் கம்பளத்தில் உடைகள் மட்டும்தான் நடந்து வரும். நடிகைகள் வீட்டில் இருந்துவிடுவார்கள். கார் வந்து நிற்கும், டிரைவர் கதவைத் திறப்பார், கவுன் இறங்கி விளிம்பை ஒருமுறை உதறிக்கொண்டு நடக்கத் தொடங்கும். கம்பளத்தின் ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, அவற்றைத் தொலைக்காட்சிக்காக விமர்சிப்பது என் வேலை. நான் குறை சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிலோமினா மதிப்பெண் போடுவாள்.

நான் பேசி முடித்து "நன்றி" சொல்லும்வரை உடை எங்கள் முன்னால் நிற்க வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

இந்த வருடம் முதலில் வந்தது ஒரு தங்க நிற கவுன்.

"இடுப்புக்குக் கீழே வெறுமையா இருக்கே," என்றேன்.

"தரையில இழுபடுற வால் வேற கார்ல வருது சார்," என்றாள் பிலோமினா.

காத்திருந்தோம். வால் வந்து சேர்ந்ததும் ஆறு மதிப்பெண் கொடுத்தாள்.

ஏழாவதாக ஒரு வாடகைக் கார் வந்தது. முன்சீட்டிலிருந்து சாம்பல் நிற கவுன் ஒன்று இறங்கியது. முழுக்கை. இடது தோள் சற்றே தாழ்ந்திருந்தது. அது என் மனைவி வசுமதியின் தோள்.

வசுமதி டப்பிங் கலைஞர். இந்த வருடம் அவள் பெயரும் விருதுப் பட்டியலில் இருந்தது. ஸ்டூடியோ ஏசியில் நாள் முழுக்க நிற்பவள் என்பதால் எப்போதும் முழுக்கைதான் போடுவாள். ஆறு வருடங்களுக்கு முன் ஒருநாள் அவள் வைத்த வத்தக்குழம்பைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தேன். பேசி முடிப்பதற்குள் அவள் ஐதராபாத் போய்விட்டாள். அதன் பிறகு அவள் குரலைக் கேட்கத் தியேட்டருக்குத்தான் போவேன். யார் யாரோ வாயசைப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

கவுன் மேசைமுன் வந்து நின்றது. அதற்குக் குரல் இல்லை.

"கழுத்து அளவா வெட்டியிருக்கு," என்று ஆரம்பித்தேன். "வலது கை அரை அங்குலம் நீளம். ஆனா இவங்க அந்தக் கையிலதான் வசனப் பேப்பரைப் பிடிப்பாங்க. பிடிக்கும்போது சரியா இருக்கும்."

பிலோமினா என்னைப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

நான் இடுப்புத் தையலைப் பற்றிப் பேசினேன். கொக்கிகளை ஒவ்வொன்றாகப் பேசினேன். இதே சாம்பல் நிறத்தில் எங்கள் வீட்டில் ஒரு தலையணை உறை இருப்பதையும், அதை நான் மாற்றாததையும் சொன்னேன். வரிசை கேட்டைத் தாண்டி மேம்பாலம்வரை போனது. பின்னால் நின்ற கவுன்கள் ஒவ்வொன்றாகக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்தன. காதுக்குள் தயாரிப்பாளர், "சார், முடிங்க," என்றார். நான் முடிக்கவில்லை. முடித்தால் அது உள்ளே போய்விடும்.

குறை எதுவும் இல்லை என்று சொல்ல எனக்கு நாற்பது நிமிடம் ஆனது. அதையும் நேராகச் சொல்லவில்லை. விளிம்பு மடிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கவுன் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றது. வசுமதிக்குக் குதிகால் வலி உண்டு. மைக் முன்னால் நின்று நின்று வந்தது. வீட்டுக்கு வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொள்வாள். அப்போதும் நான் அவள் செருப்பைப் பற்றி ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

"அந்த வத்தக்குழம்பு நல்லா இருந்தது," என்றேன். "நன்றி."

கவுன் நகர்ந்தது. அப்போது என் சட்டையின் மேல் பித்தான் தானாகக் கழன்றது. பிறகு அடுத்தது. சட்டை என் தோளிலிருந்து இறங்கி, மேசையைச் சுற்றிக்கொண்டு போய் கவுனோடு சேர்ந்து நடந்தது. முழுக்கையும் அரைக்கையும் தொட்டும் தொடாமலும் போயின.

"காலர் நைஞ்சிருக்கு," என்றாள் பிலோமினா. "நடை பரவாயில்லை. எட்டு."

மீதி முப்பத்தொரு கவுன்களையும் பனியனோடு உட்கார்ந்து விமர்சித்தேன்.

மறுநாள் மதியம் போன் அடித்தது.

"உங்க சட்டை இங்க வந்திருக்கு," என்றாள் வசுமதி. யாருடைய வாயசைவும் இல்லாத குரல்.

"பஸ்லயா வந்தது?"

"ட்ரெயின்ல. ஜன்னல் சீட்டாம். ரொம்பக் கசங்கியிருக்கு."

"சாப்பிட்டதா?"

"இப்பதான் தட்டு வைக்கிறேன். தயிர்சாதம். மாங்காய் ஊறுகாய் வைக்கலாமா?"

"கொஞ்சமா வை. கறை போகாது."

"சரி," என்றாள். போனை வைக்காமலே பரிமாறினாள். சட்டை இன்னும் கொஞ்சம் தயிர் கேட்டது, என் குரலில், என்னைவிடப் பணிவாக.