அந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை

1

இந்தக் கதை ஒரு பட்டியலில் இருந்து வந்தது. பரீட்சைத் தாளின் இரண்டு பக்கமும், ஓரம் மடித்து, வரிசை எண் போட்டு எழுதிய பட்டியல். தலைப்பு: ‘முதல் தடவை வெளிநாடு போகிறவள் கவனிக்க வேண்டியவை.’ மொத்தம் ஐம்பத்தோரு விஷயங்கள். எழுதியவள் ஐரின். அதை வைத்துக்கொண்டு வெளிநாடு போனவள் ஐரின் இல்லை.

போனவள் பெயர் சுந்தரவல்லி. அது நான்தான். ஆனால் ‘நான்’ என்று தொடங்கிய ஒவ்வொரு தடவையும் எனக்கு என் மேலேயே பரிதாபம் வந்து கதை கெட்டுப்போனது. ஆகவே அவளை ‘அவள்’ என்றே எழுதப்போகிறேன். இதை அடக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வசதிக்காகத்தான்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘1971 ஆகஸ்ட் மாதம், சாந்தோம் கடற்காற்றில்—’

அடித்துவிட்டேன். வெளிநாட்டு வேலைக்கான தேர்வு நடந்தது மவுண்ட் ரோடு ஓட்டல் ஒன்றின் மாடியில். அங்கே ஃபேன் காற்றுதான்.

அடுத்தது: ‘ஐரினுக்கு முப்பத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை.’ அதையும் அடித்தேன். அவளைப் பற்றி யார் பேச எடுத்தாலும் இந்த வாக்கியத்தில்தான் எடுத்தார்கள். நானும் அதையே செய்ய வேண்டாம் என்று நினைத்தேன். [செய்துவிட்டேன், தெரிகிறது.]

மூன்றாவது நிற்கிறது. ஐரின் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். சாந்தோமில் அண்ணன் ராஜநாயகம் வீட்டில் இருந்தாள். அண்ணன், அண்ணி ஐவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், ஐரின். ஜாம்பியா நாட்டுப் பள்ளிக்கூடங்களுக்கு ஆசிரியர்கள் வேண்டும் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. ஐரின் விண்ணப்பித்தாள். கூடவே, அதே பள்ளியில் அதே கணக்குப் பாடம் எடுத்த சுந்தரவல்லியையும் விண்ணப்பிக்க வைத்தாள். சுந்தரவல்லி மந்தைவெளிப் பெண். அப்பா அய்யாதுரைக்குத் தி.நகரில் ஜவுளிக்கடை.

“போட்டு வை வல்லி. காசா பணமா, ஒரு ஸ்டாம்புதானே” என்றாள்.

கணக்குக்கு ஒரே இடம். ஐரினுக்குக் கிடைத்தது. சுந்தரவல்லி காத்திருப்போர் வரிசையில் முதல் ஆள். வந்த கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. டிசம்பர் முதல் தேதிக்குள் பாஸ்போர்ட் எண்ணைத் தெரிவிக்க வேண்டும், தவறினால் அடுத்தவருக்கு.

3

ஐரின் இதற்கு முன் போன அதிகபட்சத் தூரம் வேளாங்கண்ணி. ஆனால் அவள் தயாரானதைப் பார்த்தால் பத்து தேசம் சுற்றியவள் என்று சொல்வீர்கள்.

அம்மை ஊசியும் காலரா ஊசியும் ஒரே வாரத்தில் போட்டுக்கொண்டு, கை வீங்கிக் காய்ச்சலோடு பள்ளிக்கு வந்தாள். ஊசி போட்டதற்கான மஞ்சள் புத்தகத்தை எல்லோரிடமும் காட்டினாள். சர்டிபிகேட்டுகளை ஆறு ஆறு நகல் டைப் அடித்து, அரசாங்க டாக்டர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கினாள். புளியைக் கொட்டை நீக்கி உப்புப் போட்டு மொட்டை மாடியில் காயவைத்தாள். மூக்குக்கண்ணாடி இரண்டு செய்துகொண்டாள். குக்கருக்கு ரப்பர் வளையம் நான்கு வாங்கினாள். பாண்டி பஜாரில் ஸ்வெட்டர் கேட்டபோது கடைக்காரர் ஊட்டிக்கா என்றார். ஆப்பிரிக்காவுக்கு என்றதும் அவர் ஐரினை மேலும் கீழும் பார்த்தார்.

“ஜூன் மாசம் அங்க குளிருங்க” என்றாள். அங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரைத் தேடிப் பிடித்து விசாரித்திருந்தாள்.*

அக்டோபரிலேயே ஒருநாள் பெட்டியைக் கட்டி எடுத்துக்கொண்டு, தெருமுனைப் பழைய பேப்பர் கடைக்குப் போனாள். கடைக்காரர் கபாலி தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இன்னா டீச்சர், பொட்டியத் தூக்கினு வந்துட்டே?”

“எடை பாக்கணும் கபாலி. இருபது கிலோவுக்கு மேல போனா ஏரோப்ளேன்ல ஏத்த மாட்டாங்க.”

“ஏரோப்பிளான்லயா போற நீ?”

“ஜனவரியில.”

கபாலி பெட்டியைத் தட்டில் ஏற்றி எடைக்கல்லை ஒவ்வொன்றாக வைத்தார். “இருபத்தி மூணு கீது. எத்த எடுக்கப் போற?”

ஐரின் அங்கேயே நடைபாதையில் பெட்டியைத் திறந்தாள். இரண்டு புடவைகளை எடுத்தாள். கணக்குப் புத்தகங்களை எடுத்துப் பார்த்துத் திரும்ப வைத்தாள். வேதப் புத்தகத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். கையில் இருப்பதை நிறுக்க மாட்டார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

“இப்ப பாரு” என்றாள். இருபதரை.

பார்த்துக்கொண்டு நின்ற சுந்தரவல்லிக்குச் சிரிப்பு வந்தது. ஐரினுக்குச் சிரிப்பு வரவில்லை. அரைக் கிலோவை எதில் குறைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

* அந்த ஆள் சொன்னது சரி. ஜூனில் அங்கே நன்றாகவே குளிரும். அந்த ஸ்வெட்டரைப் போட்டிருந்ததால் தெரியும்.

4

ராஜநாயகத்தை எப்படி எழுதுவது என்பதில்தான் மூன்று மாதம் போனது. வில்லனாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. துறைமுகத்தில் குமாஸ்தா. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். தங்கைக்கு டைபாய்டு வந்தபோது இருபது நாள் லீவு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். இதெல்லாம் உண்மை.

சாப்பாட்டு மேசையில் நடந்த பேச்சை ஐரினே சொல்லியிருக்கிறாள்.

“ஆப்பிரிக்காவுக்குப் போய் என்ன பண்ணப் போற?”

“கணக்கு சொல்லித் தரப் போறேண்ணே.”

“அதை இங்கயே பண்றியே.”

“இங்க பண்ணிப் பாத்துட்டேன்.”

ஐவி மட்டும், “மூணு வருஷம்தானேங்க, போயிட்டு வரட்டுமே” என்றாள். அவர் தட்டிலேயே கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அதைச் சம்மதம் என்று ஐரின் எடுத்துக்கொண்டாள். இந்த வீட்டில் கோபம் வந்தால் கத்துவார்கள், கத்தவில்லையே என்று அவளுக்குச் சந்தோஷம்.

5

நவம்பர் பன்னிரண்டாம் தேதி. மந்தைவெளியில் சுந்தரவல்லியின் வீட்டுக்கு, பாஸ்போர்ட் விசாரணைக்கு ஒரு கான்ஸ்டபிள் வந்தார். பெயர் பொன்னுரங்கம். சுந்தரவல்லி எதற்குப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டாள் என்று கேட்பீர்கள். ஐரின்தான் போட வைத்தாள். ‘இந்தத் தடவை இல்லைன்னா அடுத்த தடவை உபயோகமாகும்’ என்று படிவத்தையும் அவளே நிரப்பித் தந்தாள். கையெழுத்துப் போட்டது மட்டும்தான் சுந்தரவல்லி.

பொன்னுரங்கம் காப்பி குடித்துவிட்டு, பள்ளிக்கூடத்தின் பெயரைப் பார்த்து நிமிர்ந்தார்.

“சாந்தோம்ல ஒரு கிறிஸ்டியன் டீச்சரம்மா, ஐரின்னு. உங்க இஸ்கூலா?”

“ஆமா. ஏன்?”

“போன மாசம் போனேன். ராஜநாயகம்னு போர்டு போட்ட வூடு. அந்தாளு வாசல்லயே நின்னுகினு, ‘இந்த அட்ரஸ்ல அப்படி யாரும் இல்லை’ன்னுட்டாரு. பின்னால ஒரு அம்மா நின்னுகினு இருந்திச்சு. வாயே தொறக்கல.”

சுந்தரவல்லி காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

“எனக்கு சந்தேகமாத்தான் கீது. அதான் ரிப்போர்ட்டை மேல அனுப்பாம வச்சினு கீறேன். அந்தம்மா ரேஷன் கார்டை எடுத்துக்கினு ஒரு நடை ஸ்டேஷனுக்கு வந்தா போதும், மாத்தி எழுதிடுவேன். பத்து நாளுக்கு மேல வச்சிக்க முடியாது. நீங்க சொல்லிடுங்க.”

“சொல்றேன்” என்றாள் சுந்தரவல்லி.

மறுநாள் காலை ஸ்டாஃப் ரூமில் சுந்தரவல்லி ஐரினைத் தனியாகக் கூப்பிட்டு—

கான்ஸ்டபிள் தெரு திரும்புவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு அவள் சாந்தோமுக்கு நடந்தே—

நேரில் சொல்லக் கூச்சப்பட்டு, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஐரினுடைய குடைக்குள்—

மூன்றும் எழுத நன்றாக வந்தன. மூன்றும் நடக்கவில்லை.

நடந்தது இதுதான். நான் சொல்லவில்லை. [இந்த ஒரு வாக்கியத்துக்கு ‘அவள்’ ஒத்துவரவில்லை.]

6

இங்கே ஒரு நியாயம் எழுதி வைத்திருந்தேன். ஒன்றரைப் பக்கம். அப்பா அந்த வருஷம் எனக்குப் பார்த்துவைத்திருந்த மாப்பிள்ளை, கடைப் பங்காளியின் தம்பி, முதல் மனைவியை இழந்தவர், தை மாதம் முகூர்த்தம் என்று. எல்லாம் நிஜம். அந்தப் பக்கத்தைப் படித்த எவரும் என்னை மன்னித்துவிடுவார்கள். அதனால் கிழித்துவிட்டேன்.

டிசம்பர் முதல் தேதி வரை இருந்த அந்தப் பத்தொன்பது நாளும் ஐரின் என்ன செய்தாள் என்பதைச் சொல்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் பள்ளி முடிந்ததும் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போனாள். போலீஸ் ரிப்போர்ட் வரவில்லை என்றார்கள். பஸ் பிடித்துத் திரும்பினாள். ஜன்னல் குமாஸ்தாவுக்கு அவள் முகம் பழகி, வரிசையில் நிற்கும்போதே தூரத்தில் இருந்து இல்லை என்று கையை ஆட்ட ஆரம்பித்தார். அவரைத் திட்டாமல், பாவம், நடையைக் குறைக்கிறார் என்றாள்.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

“போலீஸ்காரங்க வரவே இல்லைபோல, வல்லி. நானே ஸ்டேஷன்ல போய்க் கேட்டுட்டு வரட்டுமா?”

சுந்தரவல்லி கையில் இருந்த சாதத்தைத் திரும்ப டப்பாவில் போட்டாள்.

“வேண்டாம்கா. பொம்பளை தனியா ஸ்டேஷன் படி ஏறுறதா? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க. அவங்களே வருவாங்க.”

“அதுவும் சரிதான்” என்றாள் ஐரின்.

சொல்லாமல் இருந்ததை மறதி, பயம், தயக்கம் என்று எதில் வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஐரினைத் தடுத்த இந்த நாலு வரியை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் கடைசியில் சுந்தரவல்லிக்குப் பாஸ்போர்ட் வந்தது. டிசம்பர் முதல் தேதி கடந்துபோனது. ஒன்பதாம் தேதி இரண்டு கடிதங்கள் வந்தன, ஆளுக்கு ஒன்று. இடம் சுந்தரவல்லிக்கு மாறியிருந்தது.

7

ஐரின் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள். நேராகச் சுந்தரவல்லியிடம் வந்து, “ஊசி போட்டுக்கிட்டியா?” என்றாள். “கிளம்பறதுக்கு முந்தி காய்ச்சல் விட்டுப்போகணும். இன்னிக்கே போ.”

அப்புறம் எல்லாவற்றையும் அவளே செய்தாள். டிக்கெட்டுக்கு ரிசர்வ் வங்கி அனுமதிப் படிவம் நிரப்பினாள். கபாலி கடைக்குக் கூட்டிப்போய்ப் பெட்டியை நிறுத்தாள். பம்பாய் ரயில் ஏற்றிவிட சென்ட்ரலுக்கு வந்தாள். ஸ்வெட்டரையும், புளியையும், பட்டியலையும் ஜன்னல் வழியாகத் தந்தாள்.

“ஆறாவதை மறந்துடாதே. மொதல்ல போய் இறங்கினதும் வீட்டுக்குத் தந்தி.”

சுந்தரவல்லியின் அப்பா கோபத்தில் ரயிலடிக்கு வரவில்லை. கைக்குட்டை ஆட்டியது ஐரின் ஒருத்திதான்.

[இந்த இடத்தில் கதையை முடித்து ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். தியாகம் நன்றாக வந்திருக்கிறது என்று எழுதி, போடுவதாகச் சொன்னார்கள். தபால் செலவுக்கு என்று நானே ஸ்டாம்பு வைத்துத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.]

8

மூன்று வருஷத்தில் ஐரின் இருபத்திரண்டு கடிதங்கள் எழுதினாள். புளி பூத்துப்போகாமல் இருக்கிறதா, அங்கத்துப் பிள்ளைகளுக்குப் பின்னம் புரிகிறதா, இப்படி. சுந்தரவல்லி எல்லாவற்றுக்கும் பதில் எழுதினாள். அழகான கடிதங்கள். நான் எழுதக் கற்றுக்கொண்டதே அந்தக் கடிதங்களில்தான்.

1975 மே மாதம், வேலையை நீட்டித்துக்கொண்டு அவள் லீவில் வந்தபோது, ஐரின் அடையாறில் ஒரு பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இடைவேளையில் வெளியே வேப்பமரத்தடிக்கு வந்தாள். தலை நிறைய நரைத்திருந்தது.

“அண்ணன் வீட்டுலதான் இருக்கீங்களாக்கா?”

“வேற எங்க? தனியா இருக்கற பொம்பளைக்கு யார் வீடு தர்றாங்க?” புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். “அண்ணனுக்கு இப்ப சர்க்கரை. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“அண்ணன் ஒண்ணும்...”

“அண்ணன் சொன்னது எனக்குத் தெரியும் வல்லி. நீ போன ஜனவரியிலயே ஸ்டேஷனுக்குப் போனேன். பாக்கறவங்க ஒண்ணும் நினைக்கலை. பொன்னுரங்கம்னு ஒரு நல்ல மனுஷன். உக்கார வச்சு எல்லாம் சொன்னார்.”

ஐரின் ‘எல்லாம்’ என்பதை அழுத்திச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“அண்ணனை இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டா அந்த வீட்டுல சாப்பிட முடியாது. உன்னைக் கேக்கலாம்னு லெட்டர் பேப்பர் எடுப்பேன். சரி, அவளே தானா எழுதுவான்னு விட்டுடுவேன். ஒவ்வொரு லெட்டரையும் ரெண்டு தடவை படிப்பேன், இதுல இருக்கும்னு.”

மணி அடித்தது.

“எழுபது பேப்பர் மிச்சம் இருக்கு” என்று அவள் உள்ளே போனாள்.

9

ஒன்பதாம் பகுதியில் சுந்தரவல்லியின் பதில் வர வேண்டும். ஒரே வாக்கியம்தான். எங்கே வைத்தாலும் அந்த வாக்கியத்தால் அவள் கொஞ்சம் நல்லவளாகிவிடுகிறாள். வாசகர் யாராவது எனக்காக ஒரு பதிலை யோசித்து வைத்திருந்தால் அதை இங்கே எழுதிக்கொள்ளலாம். மன்னிப்பாகவும் இருக்கலாம், அழுகையாகவும் இருக்கலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஐரினை மட்டும் அந்த மரத்தடிக்குத் திரும்பக் கூட்டிவராதீர்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் சாயங்காலம் ஐந்து மணிவரை அங்கேயே நின்றேன். திருத்தி முடித்த மற்ற டீச்சர்கள் எல்லோரும் வாசல் வழியாக வந்தார்கள். அந்தப் பள்ளிக்குப் பின்பக்கமும் ஒரு வழி உண்டு என்று வாட்ச்மேன் சொன்னார்.