ஐந்து ஓட்டை, பன்னிரண்டு தையல்

வேம்பார்ப் பக்கத்து அந்த உப்பளத்தில் காலை ஏழு மணிக்கெல்லாம் வெயில் கண்ணைக் குத்தும். பெண்கள் பாத்தி ஓரத்திலிருந்து உப்புச் சட்டியைத் தலையில் ஏற்றி அம்பாரத்துக்கு நடந்துகொண்டிருந்தார்கள். இசக்கிச்செல்வி மட்டும் பாக்கெட் போடும் கொட்டகைக்குப் பின்னால், சாக்கு அடுக்கின் மறைவில் காத்து நின்றாள். கிளாடிஸ் அக்கா வந்து தையல் பார்க்க வேண்டும்.

அந்த அளத்தில் இது பழைய வழக்கம். ஆபரேஷன் முடிந்து வருகிறவளுக்கு எத்தனை தையலோ அத்தனை வாரம் கொட்டகையில் உட்கார்ந்த வேலை. அதன்பிறகு சட்டியைத் தூக்கியாக வேண்டும். கங்காணி நயினாருக்கு ஆஸ்பத்திரிக் காகிதத்தில் நம்பிக்கை கிடையாது. பெண்களின் வயிற்றை அவர் பார்க்க முடியாதே, அதனால் அந்த வேலை கொட்டகையில் எடை போடும் கிளாடிஸின் தலையில் விழுந்தது. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். இருபது வருஷத்தில் ஒரு தையலைக்கூட அவள் கூட்டிச் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை.

செல்விக்கு நாலு வருஷத்துத் தொல்லை. உப்பு வாரக் குனிந்தால் போதும், புளித்த தண்ணீர் தொண்டைவரை ஏறி நெஞ்சு எரியும். கேஸ் என்றார்கள் எல்லோரும். சோடா குடித்தாள், சீரகம் மென்றாள், ஜெலுசிலைப் பாட்டில் பாட்டிலாகக் காலி செய்தாள். படுத்தால் எரிச்சல் கூடும் என்று சுவரில் சாய்ந்தே உறங்கினாள். கடைசியில் வாய்வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இரைப்பையின் மேல்பாகம் நெஞ்சுக்குள் ஏறிக் கிடக்கிறது என்று படம் வரைந்து காட்டினார்.

காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் ஐந்து சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, இரைப்பையைக் கீழே இழுத்து, அது ஏறிய வழியைச் சுருக்கித் தைத்து, உணவுக்குழாயின் அடியைச் சுற்றி இரைப்பையையே மடித்துக் கட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த அன்று பாயில் மல்லாந்து படுத்தவள் விடியும்வரை அசையவில்லை. விடிந்ததும் அழுதாள், அவ்வளவு சந்தோஷம். மூன்று மாதம் கனம் தூக்கக் கூடாது, தூக்கினால் கட்டினது பிரிந்து மறுபடியும் ஏறிக்கொள்ளும் என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். மூன்று வாரம் வீட்டில் இருந்தாயிற்று. அதற்குமேல் அடுப்பு எரியாது.

கிளாடிஸ் வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அம்மைத் தழும்பு மாதிரி ஐந்து புள்ளிகள்தான் இருந்தன.

"ஏளா, தையல் எங்க?"

"உள்ள இருக்குக்கா. வெளிய பசை போட்டு ஒட்டிட்டாவ."

"உள்ள இருக்கதை நான் எப்படி எண்ணுவேன்?"

"சட்டி தூக்குனா பழையபடி ஆயிரும்க்கா. நான் இப்பதான் படுத்து உறங்குதேன்" என்றாள் செல்வி.

இரண்டு வாய் சோறு உண்டதும் செல்வி அம்பாரத்துக்குப் பின்னால் ஓடி ஓங்கரித்ததை நாலு வருஷமாகக் கிளாடிஸும் பார்த்திருக்கிறாள். சோற்றை வீணாக்குகிறாள் என்று திட்டியும் இருக்கிறாள். செல்வியின் சேலையைத் தானே இழுத்துச் சரிசெய்துவிட்டு, அவள் கையைப் பிடித்துக் கொட்டகைக்குள் நின்ற நயினாரிடம் கூட்டிப்போனாள்.

"பன்னெண்டு தையல், அண்ணாச்சி."

நயினார் சந்தேகப்படவே இல்லை. ஆனால் கொட்டகையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். ஆறு ஸ்டூல், கிளாடிஸையும் சேர்த்து ஆறு பேர். ஏழாவது ஸ்டூல் போட்டால் முதலாளி சத்தம் போடுவார் என்றார்.

"இவ உக்காரணும்னா ஒருத்தி வெளிய போணும். யாரு போறா, நீயே சொல்லு."

மற்ற ஐந்து பேரும் குனிந்த தலை நிமிராமல் பாக்கெட்டை ஒட்டினார்கள். அவரவர் தையலுக்கு இன்னும் வாரம் பாக்கி இருந்தது.

"நான் போறேன்" என்றாள் கிளாடிஸ்.

செல்வி பதறிப்போய் வேண்டாம் என்றாள். கிளாடிஸ் அவள் தோளை அமுக்கி, தன்னுடைய ஸ்டூலில் உட்காரவைத்தாள். எடை போடும் விதத்தை இரண்டே வார்த்தையில் சொல்லிக்கொடுத்தாள். ஐம்பத்தெட்டு வயதில் பழைய சேலைத் துணியைச் சும்மாடாகச் சுருட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள்.

செல்வி குனிந்து உப்பை அள்ளித் தராசில் போட்டாள். தொண்டைக்கு எதுவும் ஏறவில்லை. மறுபடி குனிந்தாள், அப்போதும் ஏறவில்லை. நிமிர்ந்து வாசலைப் பார்த்தாள்.

வெளியே இரண்டு பேர் சேர்ந்து கிளாடிஸின் தலைக்குச் சட்டியை ஏற்றிவிட்டார்கள். வரப்பில் நாலடி நடந்ததும் அவள் நின்று, ஒரு கையால் சட்டியைப் பிடித்தபடி மறுகையால் முழங்காலை அழுத்தினாள். நயினார் பின்னாலிருந்து ஏதோ அதட்டினார். அவள் மறுபடியும் நடந்தாள்.